கேஸ் ஷீட்டில் வரும் மனநலச் சொற்கள்: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் அடுத்து வருவது என் மேஜைக்குத்தான். கையில் டிஸ்சார்ஜ் சம்மரியோ ஓ.பி. சீட்டோ இருக்கும். ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து, "சார், இது என்னன்னு சொல்லுங்க, கூகுள்ல போட்டா பயமா இருக்கு" என்பார்கள். கவனம், உணர்ச்சி, சிந்தனை இவை மூன்றும் தடம் மாறுவதைக் குறிக்கும் சொற்கள்தான் பெரும்பாலும் அந்த வரியில் இருக்கும். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நோயாளிகளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை, அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். என் மகனுக்கு இத்தனை நோயா?

இல்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது மனநிலைப் பரிசோதனை. அன்றைக்கு அந்த அறையில் டாக்டர் கண்டதும் கேட்டதும் அதில் பதிவாகியிருக்கும். உடை, உட்கார்ந்த விதம், பேச்சு, மனநிலை, சிந்தனை, புலன் அனுபவம், கவனம், ஞாபகம், தன் நிலையைப் பற்றிய புரிதல் என்று ஒரு வரிசை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் எழுதுவார்கள். காய்ச்சல், இருமல், சளி மாதிரி இவையும் அறிகுறிகள். இருமல் டி.பி.யிலும் வரும், சாதாரண ஜலதோஷத்திலும் வரும். அதே போல "சந்தேக எண்ணங்கள்" என்ற குறிப்பு மனச்சிதைவிலும் (ஸ்கிசோஃப்ரீனியா) வரும், கடுமையான மனச்சோர்விலும் வரும், குடியை நிறுத்திய மூன்றாம் நாளிலும் வரும்.

நோயின் பெயர் வழக்கமாகக் கடைசியில், எஃப் என்ற எழுத்தோடு ஒரு எண்ணாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பு நோய்ப் பட்டியலின் எண் அது. எஃப் 20 மனச்சிதைவு, எஃப் 31 இருமுனை மனநோய் (எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருவது), எஃப் 32 மனச்சோர்வு, எஃப் 42 எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.), எஃப் 10 மதுவால் வருபவை. எஃப் 29 என்றிருந்தால், மனநோய் இருக்கிறது, எந்த வகை என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். முதல் தடவை சேர்ந்தவர்களுக்கு அப்படி எழுதுவது சகஜம். அவசரப்பட்டுப் பெயர் வைக்காமல் இருப்பது நல்ல மருத்துவம் என்பது என் கருத்து.

ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. அதற்குள் "கவனம் நிலைக்கவில்லை" என்று எப்படி எழுதினார்கள்?

அதற்குச் சின்னச் சின்னக் கணக்குகள் இருக்கின்றன. 100-லிருந்து 7-ஐக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். 93, 86, 79, 72, 65 என்று ஐந்து படி. இல்லையென்றால் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள், அல்லது நாலைந்து எண்களைச் சொல்லி அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். விடை தெரிகிறதா என்பது இரண்டாம் பட்சம். ஒரு வேலையைத் தொடங்கி, நடுவில் நழுவாமல், எங்கே நிற்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு முடிக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள்.

காய்கறிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா வந்திருந்தார். "நூறுல ஏழு போனா எவ்வளவும்மா?" என்றதும் கையைப் பிசைந்தார். "நான் பள்ளிக்கூடம் போகலையே சாமி" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே கேள்வியை மாற்றினார். "அரை கிலோ வெண்டைக்காய், கிலோ அறுபது ரூபா. நூறு ரூபா நோட்டு குடுக்குறேன், மீதி?" "எழுபது" என்று பட்டென்று வந்தது. "அதுல கால் கிலோ தக்காளி, கிலோ நாப்பது." "அறுபது." அப்படியே ஐந்து கணக்கு, ஒன்றும் தவறவில்லை. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் கவனக் குறைபாடு என்று சீட்டில் ஏறியிருக்கும். உங்கள் வீட்டு ஆளின் படிப்பும் தொழிலும் என்னவென்று நீங்களாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்தச் சோதனைக்கு அது ரொம்ப முக்கியம்.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் ராத்திரி என்னென்னவோ பேசினார். மனநல டாக்டரை அழைத்துவிட்டார்கள். பைத்தியமா?

அந்தச் சொல்லே வேண்டாம். சீட்டில் டெலிரியம் என்று எழுதியிருப்பார்கள். தமிழில் சிலர் குழப்பநிலை என்கிறார்கள். பெரும்பாலும் மூளைக்கு வெளியே உடம்பில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது, அதனால் மூளை தடுமாறுகிறது என்று பொருள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, ஆக்சிஜன் குறைவது, மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த மருந்து, வலி, இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். வயதானவர்களுக்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தே வரும்.

எலும்பு வார்டில் ஒரு பெரியவரைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார், நூல் பிரிப்பது மாதிரி. நடுவில் காற்றில் எதையோ பிடித்தார். "மாட்டைக் கட்டிட்டியாடா?" என்று மகனைக் கேட்டார். மகன் "கட்டியாச்சுப்பா" என்றதும் நிம்மதியாகக் கண்ணை மூடினார். கால் மணி கழித்து அதே கேள்வி. மறுநாள் காலை பத்து மணிக்குப் போனால் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி மாடு. இப்படி ஏறி இறங்குவதுதான் டெலிரியத்தின் முத்திரை. பகலில் தெளிவாக இருந்ததைப் பார்த்துவிட்டு "நடிக்கிறார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சுருண்டு படுத்து, கூப்பிட்டால் மட்டும் "ம்" என்கிறவரை யாரும் கவனிப்பதில்லை. அதுவும் டெலிரியம்தான், அமைதியான வகை. "அப்பா ரெண்டு நாளா ரொம்ப அமைதியா தூங்குறாரு" என்று சந்தோஷப்படுகிறவர்களிடம் உடனே சிஸ்டரைக் கூப்பிடச் சொல்வேன்.

வீட்டார் செய்யக்கூடியது நிறைய உண்டு. கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றையும் ஊரில் விட்டுவிட்டு வராதீர்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ராத்திரி விளக்கைக் குறையுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். தினமும் குடிப்பவராக இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கடைசியாகக் குடித்து 2 முதல் 4 நாளுக்குள் வரும் டெலிரியம் உயிருக்கே ஆபத்து. தெரிந்தால்தான் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் மற்ற மருந்தும் நேரத்துக்குக் கொடுக்க முடியும்.

மறதி நோயும் டெலிரியமும் ஒன்றா?

இல்லை. மறதி நோய் (டிமென்ஷியா) மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் மணிக் கணக்கில், நாள் கணக்கில் வரும். எப்போது தொடங்கியது என்று கேட்டால், "செவ்வாய்க்கிழமை ராத்திரி" என்று பதில் வருமானால் பெரும்பாலும் டெலிரியம். மறதி நோய் உள்ளவருக்கு டெலிரியம் மேலே ஏறிக்கொள்வதும் உண்டு.

பள்ளியில் "உங்கள் பையனுக்குக் கவனம் இல்லை" என்கிறார்கள். ஏ.டி.எச்.டி.யா?

பள்ளியில் மட்டும் அப்படியென்றால் முதலில் கண், காது, தூக்கம், வகுப்பு நிலவரம் எல்லாவற்றையும் பாருங்கள். ஏ.டி.எச்.டி. (சிறு வயதில் தொடங்கும் கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும்) என்று சொல்ல, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். இன்னொன்று: பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிறான் என்றால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அதைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

"மூட்" என்று ஒரு வரி, "அஃபெக்ட்" என்று ஒரு வரி. இரண்டும் உணர்ச்சிதானே?

மூட் என்பது நோயாளி சொல்வது. "மனசு எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு வரும் பதிலை அவருடைய சொற்களிலேயே எழுதுவார்கள். அஃபெக்ட் என்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிவது: முகம், குரல், கை அசைவு, கண்ணீர்.

இதற்குத் தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் முழுக்க இதைப் பற்றியது. மனதில் எழுவது மெய்யில் படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. அங்கே கவிதைக்காகச் சொன்னது, இங்கே நோயறியப் பயன்படுகிறது. என் மேஜைக்கு வருகிறவர்களுக்கு "உணர்ச்சி வெளிப்பாடு" என்று சொல்வதைவிட "மெய்ப்பாடு" என்று சொன்னால் சட்டென்று பிடிபடுகிறது. தமிழ் வாத்தியார் ஒருவர், "அப்ப என் பையனுக்கு உள்ளே இருக்கு, மெய்யில படலை, அதானே?" என்று கேட்டார். அதேதான்.

மெய்ப்பாட்டைப் பற்றி எழுதும் சொற்கள் சில. மழுங்கியது என்றால் வழக்கமாக வரவேண்டிய அளவு வரவில்லை. தட்டையானது என்றால் அறவே இல்லை. நிலையற்றது என்றால் சிரிப்பும் அழுகையும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. பொருந்தாதது என்றால் அம்மா இறந்ததைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. கடைசியில் சொன்னதைப் பார்த்து வீட்டார் மனம் உடைந்துபோவார்கள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை, தயவுசெய்து அதை நம்புங்கள்.

தாத்தா செத்த வீட்டில்கூட என் மகன் அழவில்லை. அவனுக்குப் பாசமே இல்லையா?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிக தடவை கேட்டிருக்கிறேன், அதிகம் வருத்தப்பட்டதும் இதற்குத்தான். முகத்தில் தெரியவில்லை என்பதை வைத்து உள்ளே இல்லை என்று சொல்ல முடியாது. மனச்சிதைவு உள்ளவர்கள் பலர், பிறகு தேறிப் பேசும்போது, அன்றைக்கு எவ்வளவு துக்கப்பட்டோம் என்று விவரமாகச் சொல்கிறார்கள்.

அதே சமயம் முகம் இறுகிப்போவதற்கு மருந்தும் காரணமாக இருக்கலாம். மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளால் பார்க்கின்சன் நோய் மாதிரி முகம் அசைவற்றுப் போகும், நடக்கும்போது கை வீசாது, எச்சில் வழியும். கடுமையான மனச்சோர்விலும் முகம் அப்படித்தான் இருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் "எப்பவிருந்து இப்படி? இந்த மாத்திரை தொடங்குவதற்கு முன்னாலா, பின்னாலா?" என்ற விவரம் டாக்டருக்கு வேண்டும்.

இதையொட்டி ஒன்று சொல்லிவிடுகிறேன். அகதீசியா என்று ஒரு சொல் உண்டு. உட்கார முடியாமை என்று பொருள். அதுவும் மருந்தின் பக்கவிளைவுதான். காலை மாற்றி மாற்றி வைப்பார், உட்கார்ந்ததும் எழுவார், வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். "உள்ளே என்னவோ பண்ணுது, இருக்க முடியல" என்பார். வீட்டார் நோய் முற்றிவிட்டது என்று பயந்து, டாக்டரிடம் "ரொம்ப ஆர்ப்பாட்டம் பண்றான்" என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அதே மருந்து கூட்டப்படலாம், தவிப்பும் கூடும். "ஆர்ப்பாட்டம்" என்று சொல்லாதீர்கள். "உட்கார முடியவில்லை என்கிறான், காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான்" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.

பக்கவாதம் வந்த பிறகு அத்தை ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகிறார். ஆறுதல் சொன்னால் இன்னும் அழுகிறார்.

மூளையில் அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் பாதை பழுதானால் இப்படி ஆகும். சீரியலில் யாரோ கை தட்டினால் அழுகை, நிறுத்த நினைத்தாலும் நிற்காது, முடிந்ததும் "எனக்கு வருத்தமே இல்லைடி" என்பார். அவர் சொல்வது உண்மை. சிறிய அளவு மருந்திலேயே நன்றாகக் குறைவதுண்டு, கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பின் உண்மையான மனச்சோர்வும் வரும் என்பதால் இரண்டில் எது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

"அன்ஹெடோனியா" என்று எழுதியிருக்கிறது. மனைவி சொல்வதெல்லாம் நெஞ்சடைப்பும் உடம்பு எரிச்சலும்தான்.

முன்பு இன்பம் தந்தது இப்போது தராமல் போவது அன்ஹெடோனியா. நம் ஊரில் யாரும் "எனக்கு இன்பம் இல்லை" என்று சொல்வதில்லை. "எதுலயும் பிடிப்பே இல்ல", "சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு", "பேரனைத் தூக்கணும்னுகூடத் தோணல" என்பார்கள். துக்கத்தை உடம்பின் மொழியில் சொல்வதும் நமக்கு வழக்கம். நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, கை கால் வெலவெலக்குது. இருதயமும் தைராய்டும் சோதித்துச் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பின், இரண்டு வாரத்துக்கு மேல் இந்தப் பிடிப்பின்மையும் தூக்கக்கேடும் நீடித்தால், மனச்சோர்வு என்று டாக்டர் யோசிப்பார். எரிச்சல் பொய் என்று அதற்குப் பொருள் இல்லை. எரிவது எரிவதுதான்.

சிந்தனைக் கோளாறு என்றால் தப்புத் தப்பாக நினைப்பதா?

சிந்தனையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எப்படிக் கோக்கிறார் என்பது ஒன்று, என்ன நினைக்கிறார் என்பது இன்னொன்று. முதலாவதை விளக்க உதாரணம் சொன்னால்தான் புரியும்.

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறோம். "நேத்து ராத்திரி கரண்டு போச்சு, மருமக டார்ச் தேடுனா, பேட்டரி இல்ல, கடைக்காரன் பூட்டிட்டான், அப்புறம் மெழுகுவத்தி ஏத்தி ஒரு பத்து மணிக்குப் போட்டேன்" என்று வந்தால் அது சுற்றிவளைத்த பேச்சு. ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், வழிதான் நீளம். நம் பாட்டிகள் பலர் இப்படித்தான், அதற்காக நோய் என்று யாரும் சொல்வதில்லை. கடைசி வரை மாத்திரைக்கே வராமல் பேட்டரியிலிருந்து வேறு எங்கோ போய்விட்டால் அது விலகிய பேச்சு.

"எப்ப வந்தீங்க?" என்றதற்கு ஒரு தம்பி மூச்சு விடாமல் சொன்னது இது: "காலையில வந்தேன், காலையில காபி, காபிக்குப் பால், பால்காரர் பாலு, பாலு மகன் படிக்கிறான், படிக்கட்டுல ஏறணும், ஏறுனா எட்டிப் பாக்கலாம், எட்டும் ரெண்டும் பத்து." இதில் ஒரு கண்ணி இன்னொரு கண்ணியோடு கோத்திருக்கிறது, சில இடத்தில் ஒலியால், சில இடத்தில் பொருளால். வேகம்தான் மிஞ்சிவிட்டது. எண்ண ஓட்டம் பறப்பது என்பார்கள். இருமுனை நோயின் எழுச்சிக் கட்டத்தில் வரும்.

"மழை பெய்ததால் என் சட்டை கலெக்டருக்குத் தெரியும், அதனால்தான் உப்பு போடுவதில்லை" என்றால், "ஆல்", "அதனால்" எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன, கண்ணிதான் இல்லை. தொடர்பு தளர்ந்த சிந்தனை என்று இதை எழுதுவார்கள். மனச்சிதைவில் அதிகம் பார்க்கலாம். இன்னும் முற்றினால் சொற்கள் மட்டும் கொட்டும், வாக்கியமே இருக்காது.

பேச்சு நடுவில் சட்டென்று நின்று, முகம் வெறுமையாகி, பிறகு வேறொன்று தொடங்கினால் சிந்தனைத் தடை. "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டால் சிலர் "எடுத்துட்டாங்க" என்பார்கள். யாரோ வெளியிலிருந்து தன் எண்ணத்தை உருவிக்கொண்டதாக அவருக்குத் தோன்றுகிறது. எந்தக் கேள்விக்கும் முந்தைய பதிலையே சொன்னால், அதாவது இன்று என்ன கிழமை என்றதற்கு "திங்கள்", பெயர் என்ன என்றதற்கும் "திங்கள்" என்றால், மூளையில் வேறு பாதிப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

எங்கள் ஊரில் செய்வினையை எல்லோரும் நம்புகிறோம். அதை எப்படி "டெல்யூஷன்" என்று எழுதலாம்?

நியாயமான கேள்வி. டெல்யூஷன் என்பதை அசைக்க முடியாத பொய் நம்பிக்கை என்று சுருக்கமாகச் சொல்லலாம். கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1913-இல் எழுதிய மனநோயியல் நூலில் மூன்று அடையாளங்கள் சொன்னார்: அளவுக்கு மீறிய உறுதி, அனுபவத்தாலும் வாதத்தாலும் மாறாமை, உள்ளடக்கம் நடக்க முடியாததாக இருப்பது. பிற்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. அவருடைய ஊரும் சமூகமும் பொதுவாக நம்புகிற ஒன்றை டெல்யூஷன் என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

அதனால் செய்வினையை நம்புவது மட்டும் நோயாகாது. ஊர்க்காரர்களே என்ன சொல்கிறார்கள் என்பதுதான் நல்ல அளவுகோல். ஒரு அண்ணன் தம்பியை அழைத்து வந்தார். தம்பிக்கு எதிர்வீட்டார் செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற எண்ணம். அண்ணன் சொன்னார்: "சார், நானும் செய்வினையை நம்புறவன்தான். ஆனா இவன் சொல்றது அப்படி இல்ல. எதிர்வீட்டுக் கொடியில மஞ்சள் துண்டு காயப் போட்டா இன்னிக்குத் தன்னைக் கொல்லப்போறாங்கன்னு அர்த்தமாம்." டாக்டர் ஒரு மணி நேரம் பேசித் தெரிந்துகொள்ள வேண்டியதை அந்த அண்ணன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சந்தேகம் உண்மையாகவே இருந்தால்? மனைவிமேல் சந்தேகப்படுகிறவர் விஷயத்தில் இது வரும். எந்த வழியில் அந்த முடிவுக்கு வந்தார் என்று டாக்டர் பார்ப்பார். "வாசல் கேட் திறந்து கிடந்தது, அதனால் அவளுக்குத் தொடர்பு" என்றால் அந்த வழியில்தான் கோளாறு.

வாதம் செய்து மாற்ற முயலாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "உனக்கு அப்படித் தோணுது, பயமா இருக்கும், நான் கூட இருக்கேன்" என்ற அளவில் நிறுத்துங்கள்.

குரல் கேட்கிறது என்கிறாள். அது கற்பனையா?

கற்பனையைத் தொடங்கவும் நிறுத்தவும் நம்மால் முடியும். ஹாலூசினேஷன் அப்படி இல்லை. அங்கே யாரும் இல்லாமலே குரல் வெளியிலிருந்து, நீங்கள் பேசுவது எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவாகக் கேட்கும். இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிந்தால் அது வேறு, அங்கே கயிறாவது இருக்கிறது. அதைத் திரிபுக்காட்சி என்பார்கள்.

குரல் கேட்பவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்ல. தூங்கப் போகும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருப்பதும், கணவரை இழந்தவருக்குச் சில நாள் அவருடைய குரல் கேட்பதும் இயல்பு. இரண்டு பேர் தன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதாகவோ, தான் செய்வதையெல்லாம் "இப்ப கதவைத் திறக்கிறா" என்று வர்ணிப்பதாகவோ கேட்டால் டாக்டர்கள் கூடுதலாகக் கவனிப்பார்கள். ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிடும் குரல் என்றால் அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

பூஜை அறையில் ஆபாச எண்ணம் வருகிறது என்று அழுகிறார். இதுவும் அதே வகையா?

இல்லை. அந்த எண்ணம் தன்னுடையதுதான் என்று அவருக்குத் தெரிகிறது, அபத்தம் என்றும் தெரிகிறது, தள்ளத் தள்ள வருகிறது. அது எண்ணச் சுழற்சி நோய். எவ்வளவு வெறுக்கிறாரோ அவ்வளவு ஒட்டிக்கொள்ளும். அவர் கெட்டவர் என்பதற்கு அது சாட்சி இல்லை. நல்ல வைத்தியம் இருக்கிறது.

மனச்சிதைவு என்றால் ஒருவருக்குள் இரண்டு ஆள் இருப்பதுதானே?

சினிமாவால் வந்த குழப்பம் இது. ஸ்விட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1908-இல் "ஸ்கிசோஃப்ரீனியா" என்ற சொல்லை உருவாக்கினார். மனம் பிளவுபடுதல் என்று அதன் வேர்ப்பொருள். சிந்தனை ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம் என்று இணைப்பு விட்டுப்போவதை அவர் குறித்தார். இரண்டு ஆளுமை என்று சொல்லவில்லை.

தமிழில் மனச்சிதைவு என்கிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. சிதைவு என்றால் இடிந்து போனது, திரும்பக் கட்ட முடியாதது என்றுதான் கேட்பவர் மனதில் படுகிறது. மருந்தெடுத்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். ஜப்பானில் இதே சிக்கல் இருந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002-இல் அங்கே பெயரையே மாற்றினார்கள். மனப்பிளவு நோய் என்று இருந்ததை ஒருங்கிணைப்புத் தளர்ந்த நிலை என்ற பொருள்வரும் பெயராக்கினார்கள். தமிழிலும் அப்படி ஒரு சொல் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"செத்தா நல்லா இருக்கும்" என்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் எண்ணம் வலுத்துவிடாதா?

வலுக்காது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, பலருக்குப் பேச ஆள் கிடைத்த நிம்மதிதான் வருகிறது. சீட்டில் மரண விருப்பம் என்றும் தற்கொலை எண்ணம் என்றும் தனித்தனியாக எழுதுவார்கள். "தூக்கத்துலயே போயிட்டா தேவல" என்பது முதலாவது. எப்படி, எப்போது, எதை வைத்து என்று யோசித்திருந்தால் இரண்டாவது. இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டாவது என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைப் பெட்டியையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில் மறைக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

"இன்சைட் இல்லை" என்றால் பிடிவாதமா?

தனக்கு நோய் இருக்கிறது என்பது அவருக்கு எட்டவில்லை என்று பொருள். பக்கவாதம் வந்த சிலர் அசையாத கையைக் காட்டி "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். கிட்டத்தட்ட அது போலத்தான் இதுவும். இந்தப் புரிதல் முழுக்க இருக்கும், இல்லையென்றால் அறவே இருக்காது என்ற கணக்கும் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா தூக்கம் வரல" என்கிறவரிடம் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேசலாம். பலர் அந்த வழியாகத்தான் வைத்தியத்துக்குள் வருகிறார்கள்.

கோவிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மருந்தை நிறுத்தாமல் போங்கள். சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இப்போது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

கேஸ் ஷீட்டை நாங்கள் வாங்கிப் பார்க்கலாமா?

நோயாளிக்கு அந்த உரிமை அதே சட்டத்தின் 25-வது பிரிவில் இருக்கிறது. எழுதிக் கேளுங்கள்.

அடுத்த தடவை வரும்போது டாக்டரிடம் எதைச் சொன்னால் உதவும்?

நீங்கள் இந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டு வந்து "டெல்யூஷன் இருக்கு டாக்டர்" என்று சொல்ல வேண்டாம். பார்த்ததை, கேட்டதை, தேதி நேரத்தோடு, அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள். ஒரு தாய் மகளுடைய பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. அவர் அனுமதியோடு ஒரு பக்கம்:

"புதன். ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஜன்னலை மூடினா. 'அவங்க பேசுறது கேக்குதும்மா, ஆனா இன்னிக்குச் சத்தம் கம்மி'ன்னு சொன்னா. 3 மணிக்குத் தூங்கினா.
வியாழன். மாத்திரை போட்டா. கால் ஆட்டுறது இல்ல. இட்லி நாலு.
வெள்ளி. சாயந்தரம் டிவி பாத்துட்டு இருந்தா. வடிவேலு காமெடிக்குச் சிரிச்சா. நான் எண்ணினேன், ரெண்டு தடவை."